மேடையில் எங்கே நிற்பது, எப்போது நகர்வது? புதிய நடிகர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் நாடகக் குழுவில் ஆண்டுதோறும் சிலர் புதிதாகச் சேர்கிறார்கள். வசனத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் "முன்வலத்துக்கு வாருங்கள், அண்ணனைக் கடந்து நாற்காலிக்குப் பின்னால் நில்லுங்கள்" என்றதும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். முதல் சில ஒத்திகைகளில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பள்ளியிலோ கல்லூரியிலோ ஊர்த் திருவிழாவிலோ முதன்முதலாக மேடையேறப் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

மேடை வலம் என்பது யாருடைய வலம்?

நடிகருடைய வலம். பார்வையாளர்களைப் பார்த்தபடி மேடையின் நடுவில் நில்லுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் மேடை வலம், இடக்கைப் பக்கம் மேடை இடம். எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது தலைகீழாகத்தான் தெரியும். மனத்துக்குள் மாற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டியது அவருடைய வேலை. வசனம், உணர்ச்சி, எதிரில் நிற்பவரின் கண் என்று ஏற்கெனவே சுமையோடு இருக்கும் நடிகருக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பினால் உங்கள் வலக்கை மேடையின் இடப்பக்கம் போய்விடும். ஆனால் மேடை வலம் அங்கேயேதான் இருக்கும். கிழக்கும் மேற்கும் நாம் திரும்பும்போது திரும்புவதில்லையே, அப்படித்தான் இதுவும்.

எல்லா நாட்டிலும் இப்படிச் சொல்வதில்லை. பிரான்சில் மேடையின் ஒரு பக்கத்தைத் 'தோட்டப் பக்கம்' என்றும் மறுபக்கத்தை 'முற்றப் பக்கம்' என்றும் சொல்கிறார்கள். 1770இல் அந்நாட்டின் தேசிய நாடகக் குழு பாரிஸின் தூய்லரி அரண்மனை அரங்குக்கு இடம் மாறியது. அந்த அரங்கின் ஒருபுறம் தோட்டம், மறுபுறம் அரண்மனை முற்றம். கட்டடம் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. நடிகர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் தோட்டம் தோட்டம்தான் என்பதால் குழப்பத்துக்கே இடமில்லை. அழகான ஏற்பாடு என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

முன்மேடை, பின்மேடை என்றால் என்ன? அதை ஏன் சிலர் அப், டவுன் என்கிறார்கள்?

பார்வையாளர்களுக்கு அருகில் இருப்பது முன்மேடை. பின்திரைக்கு அருகில் இருப்பது பின்மேடை. ஆங்கிலத்தில் இவற்றை முறையே கீழ் என்றும் மேல் என்றும் சொல்வதற்கு ஒரு காலத்து மேடைகளின் அமைப்பே காரணம். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில், தொலைவில் போகப் போகத் தெருவும் வீடுகளும் சிறுத்துத் தெரிவதுபோல மேடையில் காட்சி அமைத்தார்கள். அந்த மாயம் பலிக்க மேடைத் தளத்தையே பின்னால் உயர்த்தி முன்னால் தாழ்த்தினார்கள். 1545இல் வெளியான செபாஸ்தியானோ செர்லியோவின் கட்டடக்கலை நூலில் இந்தச் சரிவு மேடையின் படமே இருக்கிறது. அப்படிப்பட்ட மேடையில் பின்னால் போவதென்றால் உண்மையாகவே மேலே ஏறுவதுதான். இன்று பெரும்பாலான மேடைகள் சமதளமாகிவிட்டாலும் சொல் மாறவில்லை.

தமிழில் வேறொரு குழப்பம் உண்டு. 'பின்மேடை' என்றதும் சிலர் திரைக்குப் பின்னால் இருக்கும் இடம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஓர் ஒத்திகையில் "பின்மேடைக்குப் போ" என்றவுடன் ஒரு மாணவர் விறுவிறுவென்று நடந்து ஒப்பனை அறைக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு திரைக்கு அப்பால் உள்ள பகுதியை நாங்கள் 'மேடைக்கு வெளியே' என்றே சொல்கிறோம். உங்கள் குழுவிலும் முதல் நாளே இந்தச் சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்பது பகுதிகள் என்கிறார்களே, அவற்றை எப்படி நினைவில் வைப்பது?

முன், நடு, பின் என்று குறுக்கே மூன்று பட்டைகள். வலம், நடு, இடம் என்று நெடுக்கே மூன்று பட்டைகள். ஆக ஒன்பது கட்டங்கள்: முன்வலம், முன்நடு, முன்இடம், நடுவலம், மையம், நடுஇடம், பின்வலம், பின்நடு, பின்இடம்.

தாளில் எழுதிப் படித்தால் இது மனத்தில் நிற்காது, காலில் ஏற வேண்டும். நாங்கள் மொட்டைமாடியில் கோலமாவால் ஒன்பது கட்டம் போடுவோம். ஒருவர் கைப்பிடிச் சுவர் அருகே நின்று "பின்இடம், மையம், முன்வலம்" என்று சொல்லிக்கொண்டே போக, மற்றவர் கட்டத்துக்குக் கட்டம் நடப்பார். பத்து நிமிடத்தில் யோசிக்காமல் கால் போகும். அதன்பின் கோலத்தை அழித்துவிட்டு மீண்டும் நடக்கச் சொல்வோம். அழித்த பிறகும் கட்டம் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

மேடையில் எந்த இடம் மிக வலிமையானது?

முன்நடு என்பதே பாடப்புத்தகப் பதில். வெறும் மேடைக்கு அது சரிதான். ஆனால் ஆட்கள் வந்துவிட்டால் கணக்கு மாறும். எட்டுப் பேர் முன்நடுவில் கூடி நிற்க, ஒருவர் மட்டும் பின்வலத்தில் தனியாக நின்றால் கண் அந்தத் தனி ஆளிடம்தான் போகும். எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பவர், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நிற்பவர், எல்லோரும் பார்க்கும் திசையில் இருப்பவர் ஆகியோருக்கும் அந்த வலிமை வந்து சேரும். ஆகவே "எனக்கு முன்நடு கிடைக்கவில்லை" என்று வருந்த வேண்டியதில்லை.

பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டவே கூடாது என்று பள்ளியில் சொன்னார்களே?

பள்ளி ஆண்டுவிழாவில் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன விதி அது. நாடகத்துக்கு அது முழு விதி அல்ல. உடலை வைத்துக்கொள்ளும் நிலைகள் ஐந்து: முழுமுகம், கால்பங்கு திரும்பிய நிலை, பக்கவாட்டு நிலை, முக்கால்பங்கு திரும்பிய நிலை, முழுமுதுகு. இருவர் உரையாடும்போது பெரும்பாலும் கால்பங்கு திரும்பிய நிலையே கைகொடுக்கும். எதிராளியைப் பார்ப்பதுபோலவும் இருக்கும், பார்வையாளருக்கு இரண்டு கண்களும் தெரியும். வீட்டில் யாரும் இப்படி நின்று பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பாதங்கள் மட்டும் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் போதும், உடலும் தானே திறந்துகொள்ளும்.

முழுமுதுகு அரிதாகப் பயன்படுத்த வேண்டிய ஆயுதம். துயரச் செய்தி கேட்டவர் மெல்லத் திரும்பி நின்று, தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கினால், அந்த முகத்தைப் பார்வையாளர்களே தங்கள் மனத்தில் வரைந்துகொள்வார்கள். காரணமின்றி முதுகைக் காட்டுவதுதான் தவறு.

"ஆளை மறைக்கிறாய்" என்று இயக்குநர் அடிக்கடி சொல்கிறார். என்ன செய்வது?

உங்களுக்குப் பின்னால் நிற்பவர் மண்டபத்தின் கடைசி வரிசைக்குத் தெரிகிறாரா என்று நீங்களே சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உங்களுக்கு நடுப்பகுதிப் பார்வையாளர்கள் தெரிகிறார்களா என்று பார்க்காதீர்கள். உங்கள் பின்னால் இருப்பவருக்கு அவர்கள் தெரிகிறார்களா என்று அவரிடமே கேளுங்கள். தெரியவில்லையென்றால் அவர்களுக்கும் அவர் தெரியவில்லை. மறைந்துபோனவரும் சும்மா இருக்கக் கூடாது, அரை அடி நகர்ந்து இடைவெளியில் வந்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பேசிக்கொண்டே ஒருவர் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போவார். அவரைப் பார்த்துப் பேச வேண்டிய எதிராளி வேறு வழியின்றிப் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிவிடுவார். காட்சி முழுதும் பின்னால் போனவர் கைக்கு வந்துவிடும். தெரியாமல் செய்தால் திருத்திக்கொள்ளலாம். தெரிந்தே செய்வது சக நடிகரின் சோற்றில் கைவைப்பது.

எப்போது நகர வேண்டும்? நின்றுகொண்டே பேசினால் என்ன தவறு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பாத்திரத்துக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்பதால்தான் கால் நகர்கிறது. ஒன்றை நெருங்க, ஒன்றிலிருந்து விலக, ஒன்றை எடுக்க, ஒன்றை மறைக்க. இந்த நான்கில் எதுவும் இல்லையென்றால் நில்லுங்கள். அசையாமல் நிற்பதும் நடிப்புதான். மேடை காலியாகத் தெரிகிறதே என்று அங்குமிங்கும் நடப்பது பார்வையாளரைக் களைப்படையச் செய்யும்.

நகர்வுக்கும் வசனத்துக்கும் உள்ள உறவை ஒரு சிறு காட்சியில் பார்ப்போம். ஒத்திகைப் பயிற்சிக்காக நாங்களே எழுதிக்கொண்டது. நடுவலத்தில் ஒரு மேசை. அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். மேசைமேல் வீட்டுப் பத்திரமும் மூடி திறந்த பேனாவும். பின்இடத்தில் கதவு. தங்கை வந்து நிற்கிறாள். அவளுக்கு ஒரே வசனம்: "நான் கையெழுத்துப் போடமாட்டேன் அண்ணா."

முதல் முறை: அவள் கதவருகே நின்றே வசனத்தைச் சொல்கிறாள். சொல்லி முடித்த பிறகு மேசையை நோக்கி நடக்கிறாள். இப்போது எடை நடையின் மேல் விழுகிறது. போடமாட்டேன் என்றவள் எதற்காக மேசைக்குப் போகிறாள் என்று பார்ப்பவர்களின் மூச்சு நிற்கும்.

இரண்டாம் முறை: ஒன்றும் பேசாமல் மேசைவரை நடந்து வருகிறாள். நிற்கிறாள். பிறகு சொல்கிறாள். கையெழுத்துப் போடத்தான் வருகிறாள் என்று அண்ணனும் நாமும் நம்பியிருந்தோம். வசனம் சம்மட்டிபோல் விழுகிறது.

மூன்றாம் முறை: நடந்துகொண்டே சொல்கிறாள். வசனமும் நடையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சாதாரணக் கோபம். சில இடங்களில் அதுவே போதும், ஆனால் இந்தக் காட்சியின் உச்சத்துக்குப் போதாது.

நகர்ந்துவிட்டுப் பேசினால் பேச்சுக்கு அழுத்தம், பேசிவிட்டு நகர்ந்தால் நகர்வுக்கு அழுத்தம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டும் இயல்பாகி அடங்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் இதில் எது வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

அந்தப் பயிற்சியில் தங்கையாக நடித்த பெண் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். யாரும் சொல்லித்தரவில்லை. மேசைவரை வந்தார். பேனாவை எடுத்தார். பக்கத்தில் கிடந்த மூடியை எடுத்துப் பேனாவுக்கு மாட்டினார். 'டக்' என்ற அந்தச் சிறு ஒலி மூன்றாம் வரிசைவரை கேட்டது. பேனாவைப் பத்திரத்தின் மேல் குறுக்காக வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். வசனத்தை அவர் சொல்லவே இல்லை. அதன்பின் அந்தப் பயிற்சித்தாளில் வசனத்தை அடித்துவிட்டோம்.

ஒருவரைக் கடந்து போகும்போது முன்னால் போவதா, பின்னால் போவதா?

பேசுகிறவர் கடந்தால் மற்றவருக்கு முன்னால் போகலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் கண் அவர்மேல்தான் இருக்கிறது. பேசாதவர் நகர நேர்ந்தால் பின்னால் போவது நல்லது. வேலைக்காரர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதுபோல.

ஒருவர் உங்களைக் கடந்து மறுபக்கம் போனதும் மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்த தராசுபோல் ஆகிவிடும். அப்போது நீங்கள் எதிர்த்திசையில் ஓரிரு அடி எடுத்துவைத்து இடத்தை ஈடுசெய்ய வேண்டும். இதை எதிர்நகர்வு என்கிறோம். சத்தமில்லாமல், கவனத்தை இழுக்காமல் செய்ய வேண்டியது.

எந்தக் கை, எந்த முழங்கால், எப்படி உட்காருவது?

பார்வையாளர்களுக்குத் தொலைவில் உள்ள கையால் சுட்டுங்கள், அப்போது முகமும் மார்பும் மறையாது. மண்டியிடும்போது பார்வையாளர்களுக்கு அருகில் உள்ள முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள், உடல் அவர்களை நோக்கித் திறந்தபடி இருக்கும். இவை பழக்கங்கள்தான், சட்டங்கள் அல்ல. காட்சிக்கு வேறு வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

உட்காருவதற்கு நிறையப் பயிற்சி வேண்டும். புதியவர்கள் எல்லோரும் உட்காரும் முன் திரும்பி நாற்காலியைப் பார்க்கிறார்கள். சொந்த வீட்டில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நாற்காலிக்கு முன்னால் வந்ததும் ஒரு காலைச் சற்றுப் பின்னால் இழுங்கள். கெண்டைக்காலில் நாற்காலியின் விளிம்பு படும். பட்டவுடன், கண்ணை எதிராளியிடமிருந்து எடுக்காமல் உட்காருங்கள். எழும்போதும் கையை ஊன்றாமல், பின்னால் இழுத்த அந்தக் காலை வைத்தே எழுங்கள். முதியவர் வேடமென்றால் கை ஊன்றுவது நடிப்பாகிவிடும். அதனால்தான் மற்ற வேடங்களில் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன்.

உள்ளே நுழைவதிலும் வெளியேறுவதிலும் கவனிக்க என்ன இருக்கிறது?

பார்வையாளர் கண்ணில் பட்ட பிறகு பாத்திரமாக மாறினால் தாமதமாகிவிட்டது. பக்கத்திரைக்குள் ஐந்தடி தள்ளியே நடக்கத் தொடங்குங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், வெயிலிலிருந்தா, தூக்கத்திலிருந்தா, சண்டையிலிருந்தா என்பது முதல் அடியிலேயே தெரிய வேண்டும். வெளியேறும்போதும் அப்படியே. திரை மறைத்தவுடன் உடல் தளர்ந்துவிட்டால், ஓரத்து இருக்கைக்காரர் அதைப் பார்த்துவிடுவார். அவருக்குத் திரையின் உட்பக்கம் கொஞ்சம் தெரியும். உங்களுக்கு அவர் தெரிந்தால் அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள்.

நாடகப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறிப்புகளை அப்படியே பின்பற்ற வேண்டுமா?

முதலில் அது யார் எழுதியது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் நடிப்பதற்கென்றே அச்சிடும் பதிப்புகளில், முதல் மேடையேற்றத்தின்போது மேடை மேலாளர் எழுதிவைத்த நகர்வுகளே குறிப்புகளாக இடம்பெறுவது உண்டு. "சோபாவுக்கு இடப்பக்கம் மூன்றடி நடக்கிறான்" என்பது அந்த மேடையில் சோபா இருந்த இடத்துக்குப் பொருந்தும். உங்கள் மேடைக்கு அது சட்டமாகாது.

ஆசிரியரின் குறிப்பு நாடகத்தின் எலும்பாகவே இருக்கும் இடங்கள் வேறு. இப்சனின் 'பொம்மை வீடு' 1879இல் வெளிவந்தது. அதன் கடைசி வரி வசனம் அல்ல. கீழே கதவு சாத்தும் ஒலி என்ற குறிப்புதான். அதை விட்டுவிட்டால் நாயகி நோரா வீட்டைவிட்டுப் போனதே பாதியாகிவிடும். 1953இல் பாரிஸில் முதலில் மேடையேறிய பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் இரண்டு அங்கங்களும் ஒரே விதமாக முடிகின்றன. காத்திருக்கும் இருவரும் போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், குறிப்போ அவர்கள் அசையவில்லை என்கிறது. அந்த இடத்தில் ஒரே ஓர் அடி எடுத்துவைத்தாலும் அது வேறு நாடகம்.

ஷேக்ஸ்பியர் பிரதிகளில் குறிப்புகள் மிகக் குறைவு. வந்தார், போனார், இறந்தார் என்ற அளவே. ஆனாலும் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தின் 3ஆம் அங்கத்தில், ஆன்டிகோனஸ் கரடி துரத்த வெளியேறுகிறான் என்று ஒரு குறிப்பு வருகிறது. கரடியை எப்படிக் கொண்டுவருவது என்பதை ஒவ்வொரு குழுவும் தன் சொந்தப் புத்தியால் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிழலாகவா, தோல் போர்த்திய ஆளாகவா, வெறும் உறுமலாகவா? இளம் இயக்குநர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

வசனத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புகளையும் தேடுங்கள். "ஏன் இப்படி நடுங்குகிறாய்?" என்று ஒருவர் கேட்டால், மற்றவருக்கு அதற்கு முன்பே நடுக்கம் வந்திருக்க வேண்டும்.

பிளாக்கிங் என்றால் என்ன? அதை இயக்குநர் முடிவு செய்கிறாரா, நடிகரா?

யார் எங்கே நிற்பது, எப்போது எங்கே நகர்வது என்பதை ஒத்திகையில் முடிவு செய்வதே பிளாக்கிங். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாடகாசிரியர் டபிள்யூ. எஸ். கில்பர்ட், மேடையின் சிறு மாதிரியில் நடிகர்களுக்குப் பதிலாக மரக்கட்டைகளை வைத்து நகர்த்திப் பார்த்துத் திட்டமிட்டார். கட்டைக்கு ஆங்கிலத்தில் 'பிளாக்' என்று பெயர், அதிலிருந்தே இந்தச் சொல் வந்தது என்பார்கள்.

1898இல் மாஸ்கோ கலை அரங்கில் செகாவின் 'கடற்பறவை'யை மேடையேற்றியபோது ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒவ்வொரு நகர்வையும், ஒவ்வொரு இடைநிறுத்தத்தையும் முன்கூட்டியே நோட்டில் எழுதிவைத்துவிட்டார். பின்னாளில் அவரே அந்த முறையைக் கைவிட்டு, நடிகர்கள் தேடிக் கண்டடையட்டும் என்ற பக்கம் வந்தார். என் அனுபவத்தில், கூட்டம் வரும் காட்சிகளை இயக்குநர் முன்பே வரைந்துவைக்க வேண்டும். இல்லையென்றால் இருபது பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு மாலை முழுவதும் வீணாகும். இருவர் மட்டும் பேசும் காட்சியை நடிகர்களிடமே விடலாம்.

முடிவான நகர்வைப் பிரதியின் ஓரத்தில் சுருக்கெழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். மு, ந, பி என்பவை முன், நடு, பின். வ, இ என்பவை வலம், இடம். "த: பிஇ → நவ, பேனா" என்றால் தங்கை பின்இடத்திலிருந்து நடுவலம் வந்து பேனாவை எடுக்கிறாள் என்று பொருள். இரண்டு வாரம் கழித்து நினைவு தடுமாறும்போது அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

மைக் முன்னால் நிற்காவிட்டால் குரல் கேட்காதே?

நியாயமான கவலை. நம் ஊர் மேடைகளில் முன்விளிம்பில் மூன்று மைக் நிறுத்திவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அந்த மூன்று கம்பங்களுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றுவிடுவார்கள். தாயும் மகனும் மனம்விட்டுப் பேசும் காட்சியில்கூட இருவரும் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனம் வலிக்கும். எத்தனையோ நல்ல நடிகர்களின் காலை அந்தக் கம்பங்கள் கட்டிப்போட்டுவிட்டன.

இருநூறு பேர் அமரும் மண்டபத்துக்கு மைக் தேவையில்லை, குரல் பயிற்சி தேவை. பெரிய மண்டபமென்றால் முன்விளிம்பில் தாழ்வாக வைக்கும் மைக்கோ, மேலிருந்து தொங்கும் மைக்கோ, உடையில் மாட்டும் மைக்கோ கேட்டு வாங்குங்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் முக்கியமான காட்சிகளை மைக் அருகே நடக்கும்படி அமைத்து, மேசை நாற்காலியையே அங்கே கொண்டுவந்துவிடுங்கள்.

சுற்றிலும் பார்வையாளர்கள் இருந்தால் இந்த வலம், இடம் எல்லாம் என்ன ஆகும்?

பாதி விதிகள் உதிர்ந்துவிடும். மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நேர்க்கோட்டில் எதிரெதிரே நிற்காமல் மூலைவிட்டமாக நின்றால் எல்லோருக்கும் யாரோ ஒருவருடைய முகமாவது தெரியும். நான்கு பக்கமும் என்றால் யாரோ ஒருவருக்கு எப்போதும் முதுகுதான். அதனால் ஒரே நிலையில் நெடுநேரம் நிற்காமல் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும், முதுகும் நடிக்க வேண்டும்.

நம் கூத்துக் கலைஞர்களுக்கு இது புதிதல்ல. மட்டக்களப்புக் கூத்து ஆடப்படும் வட்டக்களரி என்ற வட்ட அரங்கில், கூத்தை நடத்தும் ஆசானாகிய அண்ணாவியார் நடுவே நிற்க, ஆடுகிறவர்கள் சுற்றிச் சுழன்று வருவார்கள். எந்தத் திசையில் உட்கார்ந்தவருக்கும் ஆட்டம் முழுமையாகக் கிடைக்கும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடைக்கு ஏற்ப ஆட்டக் கோலங்களை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. மேடையின் வடிவம் மாறினால் காலின் பாதையும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தெருக்கூத்தில் இருவர் ஒரு துணியைப் பிடித்திருக்க, அதன் பின்னால் வேடக்காரர் பாடி ஆடித் தன்னைச் சிறிது சிறிதாகக் காட்டுவார். பக்கத்திரையும் கதவும் இல்லாத வெட்டவெளியில் ஒரு நுழைவை எப்படி உண்டாக்குவது என்பதற்கு அது விடை. இடம் மாறுவதைக் காட்டச் செட்டும் வேண்டியதில்லை. மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பொருள் என்று நாட்டிய சாத்திரமே வகுத்திருக்கிறது.

பழைய தமிழில் மேடைக் குறிப்புகள் உண்டா?

உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பொறுமையாகப் படியுங்கள். அரங்கு, கோல் என்ற பழைய அளவில், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். வாயில் இரண்டு, புகுவதற்கு ஒன்று, புறப்படுவதற்கு ஒன்று என்று உரை விளக்குகிறது. திரை மூன்று: ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒருமுக எழினி, இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூண் பக்கம் சேர்கிறாள், ஆடி முதிர்ந்த தோரிய மகளிர் இடத்தூண் பக்கம் சேர்கிறார்கள். யார், எந்தக் காலால், எந்தப் பக்கம் என்று இன்றைய மேடை மேலாளர் ஓரத்தில் எழுதும் குறிப்பு அப்படியே செய்யுளில் இருக்கிறது.

அதைவிட என்னை நிற்கவைத்த வரி "தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து" என்பது. தூணின் நிழல் ஆடுகிறவள்மேலோ அரங்கின்மேலோ விழாமல் வெளியே போகும்படி விளக்குகளை நிறுத்தினார்களாம். ஒளியமைப்பாளரோடு நாங்கள் இன்றும் பாதி நேரம் பேசுவது இதைத்தான்.

விளக்கு அணைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. எப்படி வெளியேறுவது?

ஒளி இருக்கும்போதே அடிகளை எண்ணிவையுங்கள். மேசையிலிருந்து வலப் பக்கத்திரைக்கு ஏழு அடி என்றால் அந்த ஏழையும் கண்ணை மூடிப் பத்து முறை நடந்து பாருங்கள். இருட்டு வரப்போகும் சில விநாடிகளுக்கு முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டால், அணைந்த பிறகு அந்தக் கண்ணுக்குச் சற்றுத் தெரியும். முகம் பார்வையாளரிடமிருந்து திரும்பியிருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். நாற்காலியின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் சிறு ஒட்டுப்பட்டைத் துண்டுகளும், படியின் விளிம்பில் இருட்டில் ஒளிரும் பட்டையும் ஒட்டுங்கள். ஓடாதீர்கள். முன்விளிம்பு தெரியாமல் கீழே விழுந்து கணுக்கால் முறிந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஒளி இருக்கும்போது அதன் நடுவில்தான் நிற்கிறீர்களா என்பதை முகத்தில் படும் வெப்பத்தைக் கொண்டே அறியலாம். மேலே அண்ணாந்து பார்க்க வேண்டாம். எல்.இ.டி. விளக்குகளில் அந்த வெப்பம் குறைவு. அங்கே தரைக்குறிதான் துணை.

நடுவில் நகர்வை மறந்துவிட்டால்?

நின்ற இடத்திலேயே இருந்து எதிராளி சொல்வதைக் கேளுங்கள். உண்மையாகக் கேட்டால் உடல் தானே அவரிடமோ அவரைவிட்டோ நகரும், பெரும்பாலும் அது சரியான திசையாகவே இருக்கும். ஒத்திகையில் செய்ததை எண்ணி மேலே பார்த்து யோசிப்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

முதல் ஒத்திகைக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பென்சிலும் அழிப்பானும். பேனா வேண்டாம், நகர்வுகள் மூன்று முறையாவது மாறும். ஓரத்தில் எழுத இடம்விட்டு நகலெடுத்த பிரதி. பாத்திரம் அணியும் காலணி, அல்லது அதைப் போன்ற ஒன்று. செருப்புப் போட்ட நடை வேறு, வெறுங்கால் நடை வேறு, குதிகால் உயர்ந்த காலணி நடை முற்றிலும் வேறு. புடவை கட்டும் வேடமென்றால் முதல் நாளிலிருந்தே ஒரு பழைய புடவையைச் சுடிதார் மேலாவது சுற்றிக்கொள்ளுங்கள், வேட்டிக்கும் அப்படியே. தண்ணீர்ப் புட்டி. அரை மணி நேரம் முன்னதாக வந்தால் கோலமாவு போட ஓர் ஆள் கிடைத்ததாக நாங்கள் மகிழ்வோம்.